தோட்டாவும் கடுதாசியும்

‘தோட்டா பாய்ந்து இறந்தார்’ என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அதே செய்தியின் கடைசியில் ‘அங்கே கிடந்த காலித் தோட்டாக்களைப் போலீசார் கைப்பற்றினர்’ என்றும் இருக்கும். பாய்ந்து போனதுதான் தோட்டா என்றால், தரையில் கிடப்பது என்ன? சொல்லின் பழைய பொருளைப் பத்திரமாக வைத்திருப்பது இரண்டாவது வாக்கியம்தான். தோட்டா என்பது ஒரு பொதி. துப்பாக்கியில், மருந்தும் குண்டும் சேர்த்துக் கட்டிய பொதி. அதனால்தான் அது காலியாக முடிகிறது. குண்டு காலியாவதில்லை.

இந்தச் சொல்லின் தடத்தைச் சென்னைப் பரங்கிமலையிலிருந்து பிடிக்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலேயரின் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடம் அங்கேதான் இருந்தது. பீரங்கி இருந்ததால் பரங்கிமலை என்று தோன்றும், வரலாறு வேறு. 1523-இல் மலையுச்சியில் மாதாகோயில் கட்டிய போர்த்துகீசியரைத் தமிழர் பரங்கியர் என்றார்கள். ‘ஃபிராங்க்’ என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாக ‘ஃபிரங்கி’ ஆகி இங்கே வந்தது. அவர்கள் கொண்டுவந்த ஆயுதத்துக்கும் அவர்கள் பெயரே ஒட்டிக்கொள்ள, அது பீரங்கி ஆயிற்று. மலைக்கும் ஆயுதத்துக்கும் பெயர் ஒரே வேரிலிருந்து தனித்தனியாக வந்தது. பிறகு அந்த ஆயுதமே அந்த மலையடியில் வந்து நின்றது. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் இவ்வளவு பொருத்தமான தற்செயலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் பீரங்கியைப் போலத் தோட்டா பரங்கியரிடமிருந்து வரவில்லை. உருதுவிலும் இந்தியிலும் ‘டோட்டா’, தெலுங்கில் ‘தூட்டா’, கன்னடத்தில் ‘தோட்டா’. தமிழரும் தெலுங்கரும் இந்துஸ்தானி பேசுவோரும் ஒரே அணியில் நின்ற சென்னை ராணுவம் போன்ற படைகளில்தான் இப்படிப்பட்ட சொற்கள் மொழிவிட்டு மொழி தாவியிருக்கும் என்பது என் கருத்து. துப்பாக்கி என்ற சொல்லும் துருக்கியில் கிளம்பிப் படைகளோடு நடந்து வந்ததுதான்.

இந்திக்காரர்கள் இன்று அதிகம் சொல்வது ‘காரதூஸ்’. இதன் வேரில்தான் விஷயம் இருக்கிறது. போர்த்துகீசிய மொழியின் ‘கர்த்தூஷு’, பிரெஞ்சின் ‘கார்த்தூஷ்’, ஆங்கிலத்தின் ‘கார்ட்ரிட்ஜ்’ எல்லாம் இத்தாலியின் ‘கர்தோச்சோ’ என்ற சொல்லைச் சேர்ந்தவை. தாளைச் சுருட்டிய சுருள் என்று பொருள். அடிச்சொல் ‘கர்தா’, அதாவது தாள். அதற்கு உறவான போர்த்துகீசியச் சொல் ‘கர்தாஸ்’; அதுதான் நம் வீட்டுக் கடுதாசி என்கின்றன அகராதிகள். 16-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கடலில் ஓடும் வணிகக் கப்பல்களுக்குப் போர்த்துகீசியர் விற்ற அனுமதிச் சீட்டுக்கும் கர்தாஸ் என்றுதான் பெயர். அந்தத் தாள் இல்லாத கப்பலுக்குப் பீரங்கி பதில் சொன்னது.

துப்பாக்கிக்குள் கடுதாசிக்கு என்ன வேலை? குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்த காலத்தில், ஒரு தடவைக்கு வேண்டிய மருந்தையும் ஈயக்குண்டையும் தாளில் சுருட்டிச் சிப்பாயிடம் கொடுத்தார்கள். அவன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்குவான். 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியில் இன்னொரு நுட்பம் சேர்ந்தது. குழலின் விட்டம் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். இடைவெளியை நிரப்புவது குண்டைச் சுற்றியிருந்த தாள். அது சுலபமாக இறங்கக் கொழுப்புத் தடவினார்கள். சிப்பாய்க் கலகத்துக்கு முன்னால், 1857 ஜனவரியில், கல்கத்தா அருகே டம்டம்மில் ‘தடவியது பசு, பன்றிக் கொழுப்பு’ என்று கிளம்பிய வதந்தி இந்தக் கொழுப்பைப் பற்றியதுதான். பாடப்புத்தகங்கள் கொழுப்பைச் சொல்லி நிறுத்திவிடுகின்றன. கொழுப்பு ஏன் வந்தது என்றால் தாள் குண்டோடு குழலுக்குள் போனதால் என்று ஒரு வரி சேர்த்தால் மாணவனுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

பித்தளைக் கூடு வந்த பிறகும் தாள் போகவில்லை. 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் துப்பாக்கி. அதன் 480 கிரெய்ன், ஏறத்தாழ 31 கிராம், எடையுள்ள ஈயக்குண்டுக்கும் தாள் சுற்றியிருந்தது. 1874-இல் அமெரிக்காவின் கிரீட்மூரில் 800, 900, 1000 கஜ தூரங்களில் அயர்லாந்து அணியோடு நடந்த போட்டியில் அமெரிக்கர் 934-க்கு 931 என்று வென்றார்கள். இது போன்ற அந்தக் காலத்து நெடுந்தூரப் போட்டிகளில் தாள் சுற்றிய குண்டுக்குப் பெரிய மதிப்பு இருந்தது.

குண்டுக்குத் தாள் சுற்றும் அந்தக் கலை இன்றும் வெளிநாட்டு இலக்குச் சுடுநர்களிடம் உயிரோடு இருக்கிறது. ஈயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் கலந்து அச்சில் வார்க்கிறார்கள். பருத்திக் கந்தலில் செய்த மெல்லிய தாளை, இரு முனைகளும் சாய்வாக இருக்கும்படி வெட்டி, நனைத்து, இரண்டு சுற்றுச் சுற்றுகிறார்கள். சாய்வான முனைகள் ஒன்றோடொன்று சேர வேண்டும். மேலேறினால் ஒரு பக்கம் தடித்துக் குறி தப்பும். மிச்சத் தாளை அடியில் மடித்தோ முறுக்கியோ விட்டுக் காயவைத்தால், அது சுருங்கிக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்கிறது. சுடும்போது குழலின் உட்புறத்துச் சுருள் வரிகளைப் பிடித்துச் சுழல்வது தாள். ஈயம் இரும்பைத் தொடுவதேயில்லை; அதனால் குழலில் ஈயம் ஒட்டுவதுமில்லை. வாயை விட்டு வெளிவந்ததும் தாள் வரிவரியாகக் கிழிந்து உதிர்ந்துவிட வேண்டும். உதிராமல் ஒட்டிக்கொண்டு போனால் குண்டு தடுமாறும். ஆகவே சுட்ட பிறகு தரையில் கிடக்கும் தாள் துணுக்குகளைப் பொறுக்கிப் பார்த்துச் சுற்று சரியா என்று முடிவு செய்கிறார்கள். இதற்குத் தமிழில் பெயர் வைக்கச் சொன்னால் ‘கடுதாசிக் குண்டு’ என்பேன். தோட்டா என்ற பெயரை மட்டும் அதற்குக் கொடுக்கக் கூடாது.

தோட்டா, குண்டு என்ற பெயர்களோடு கலந்து வழங்கும் ரவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு மணி என்று பொருள்படும் வடக்கத்திச் சொல் அது. உப்புமாவுக்கும் துப்பாக்கிக்கும் பொது. பறவை சுடும் சிறு ஈயமணிக்கு மிகச் சரியான பெயர். ஈழத்தில் எல்லாத் துப்பாக்கிகளின் குண்டுக்கும் அதைச் சொல்கிறார்கள்.

தோட்டாவின் முதற்பொருள் பிழையில்லாமல் வாழ்ந்தது பரங்கிமலைப் படைமுகாமுக்குப் பக்கத்து மலைகளில். பல்லாவரம், திரிசூலம், பம்மல் கல்குவாரிகளில் கருங்கல்லை வெடி வைத்து உடைத்தார்கள். ஆல்ஃபிரட் நோபல் 1867-இல் காப்புரிமை பெற்ற டைனமைட் தாளில் சுருட்டிய குச்சியாகத்தான் விற்பனைக்கு வந்தது. பாறையில் துளை போட்டு அதை இறக்கித் திரி வைத்தவர்கள் அந்தக் குச்சியைத் தோட்டா என்றார்கள். அதில் குண்டே கிடையாது. சுருட்டிய உறையும் மருந்தும் மட்டும். கிணறு வெட்டுகிறவர்களும் பாறை குறுக்கிட்டால் தோட்டா வைக்க வேண்டும் என்றே சொல்வார்கள். உறை பிளாஸ்டிக்காக மாறிய பிறகும் அவர்கள் வாயில் பெயர் மாறவில்லை.