இரண்டு பிளவுகளும் ஒரு குறுந்தகடும்

குறுக்கீட்டு விளைவின் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருவன். ஒளியோடு ஒளி சேர்ந்தால் சில இடங்களில் இருள் பிறக்கும் என்பதே அதன் பொருள். எழுதினேனே தவிர, மனம் ஒப்பவில்லை.

1803 நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியில் தாமஸ் யங் இதைச் சொன்னபோதும் பலர் ஒப்பவில்லை. யங் என்றதும் நமக்கு இரட்டைப் பிளவு நினைவுக்கு வரும். ஆனால் அன்று அவர் விவரித்தது, சூரியக் கதிரின் குறுக்கே பிடித்த, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள அட்டைத் துண்டு. அதன் நிழலுக்குள்ளேயே ஒளிவரிகள் தெரிந்தன. ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும் அவை மறைந்தன. இரட்டைப் பிளவு அவருடைய 1807ஆம் ஆண்டு நூலில் வருகிறது. நியூட்டனின் துகள் கொள்கை கோலோச்சிய காலம் அது. எடின்பரோ ரெவ்யூ இதழில் ஹென்றி புரூம் யங்கைக் கடுமையாகத் தாக்கினார்.

பிறகு ஃபிரெனல் இதற்குக் கணித வடிவம் தந்தார். அது சரியென்றால் வட்டத் தகட்டின் நிழல் நடுவே ஒளிப்புள்ளி தோன்ற வேண்டுமே என்று பாய்சான் மடக்கினார். அராகோ சோதித்துப் பார்த்தார், புள்ளி இருந்தது!

குறுகிய பிளவைக் கடக்கும் ஒளி இருபுறமும் விரிகிறது. இது விளிம்பு விளைவு. இரு பிளவுகளிலிருந்து வரும் அலைகளில் முகடும் முகடும் சேர்ந்தால் வெளிச்சம், முகடும் பள்ளமும் சேர்ந்தால் இருள். பிளவுகள் ஆயிரக்கணக்கில் பெருகினால் அது கீற்றணி. வரிகள் ஒடுங்கிக் கூர்மையாகும். நிறங்கள் தனித்தனியே பிரியும்.

பழைய பாட்டுக் குறுந்தகடும் ஒரு கீற்றணிதான். 650 நானோமீட்டர் சிவப்பு லேசரை அதன்மேல் செங்குத்தாக விழச் செய்து, ஒரு மீட்டர் தள்ளியிருந்த சுவரில் பார்த்தேன். (கண்ணில் படக்கூடாது, கவனம்.) நடுப்புள்ளியிலிருந்து சுமார் 44 செ.மீ. தள்ளி அடுத்த புள்ளி. கோணம் 24 பாகை. அலைநீளத்தை அக்கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால், தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர்! தடங்கள் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் நெருங்கியிருக்கும் டிவிடியில் கோணம் 61 பாகைக்கு விரிகிறது. நெருக்கம் கூடக்கூட விரிவும் கூடும்.

கண்ணுக்கே தெரியாத இடைவெளியைப் பள்ளிக்கூட அளவுகோலால் அளந்தாயிற்று. மனப்பாடம் செய்த சூத்திரத்தை அன்றுதான் நம்பினேன்.