கடலோர உப்பும் கழுத்துக் கழலையும்

கேளம்பாக்கம், கோவளம் உப்பளங்களிலிருந்து தெற்கே செய்யூர் உப்பங்கழி வரை நீளும் செங்கல்பட்டுக் கடற்கரையில் உப்பு விளைவித்தல் மிகப் பழைய தொழிலாகும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, உப்பு வணிகரான உமணர் குடும்பத்தோடு வண்டிகளில் உள்நாட்டுக்குச் செல்வதை விரிவாகக் காட்டுகிறது. பல்லவ மன்னன் சிவஸ்கந்தவர்மன் காஞ்சியிலிருந்து வெளியிட்ட ஹிரஹடகள்ளிச் செப்பேடோ, கொடையாக அளித்த ஊரில் அரசின் ஆட்கள் உப்பும் வெல்லமும் எடுத்துக்கொள்வதை விலக்குகிறது. உப்பின் மேல் அரசு கண் வைத்தது அத்தனை தொன்மையானது.

கடலில் அயோடின் உண்டு என்பதால் கடலுப்பு உண்பவருக்குக் கழுத்துக் கழலை வராது என்னும் நம்பிக்கை இன்றும் பரவலாக நிலவினாலும், அது சரியன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள அயோடின் ஏறத்தாழ 50 முதல் 60 மைக்ரோகிராம் மட்டுமே. பாத்தியில் நீர் வற்றி உப்பு படிகமாகும்போது அதிலும் பெரும்பகுதி காற்றோடு போகிறது, அல்லது இறுதியில் வடித்துவிடப்படும் கசப்பு நீரில் தங்கிவிடுகிறது. குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறம் அமைந்த தைராய்டு சுரப்பி, உடலின் வளர்சிதை மாற்றத்தை நடத்தும் ஹார்மோன்களை அயோடினைக் கொண்டே ஆக்குகிறது. அயோடின் குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தூண்டுநீரை மிகுதியாக அனுப்ப, தைராய்டு முதலில் சீராகப் பருக்கிறது. தூண்டல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கையில் சில பகுதிகள் பிறவற்றைவிட வேகமாக வளர்ந்து தனித்தனிக் கட்டிகளாகத் திரள்கின்றன.

இந்தத் தொடர்பு அறியப்படுவதற்கு முன்பே உப்பு முழுமையாக அரசின் பிடிக்குள் வந்துவிட்டது. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்புக்குத் தனியுரிமை நிறுவி, விளைவிப்போர் அரசுக் கிடங்குகளில் மட்டுமே உப்பை ஒப்படைக்க வேண்டும் என்றும், அது அரசு குறித்த விலையிலேயே விற்கப்படும் என்றும் விதித்தது. கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் ஒட்டிச் செல்லும் கால்வாய், 1876–78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக நீட்டிக்கப்பட்டு ஆளுநர் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. விறகோடு உப்பும் அதன் வழியே தோணிகளில் சென்னைக்குச் சென்றது. உப்பு வரி 1947-இல் நீங்கிய பின்னும், உப்பு ஆணையர், ஆய்வாளர், உரிமம், கணக்கு என்னும் நிருவாக அமைப்பு கலையவில்லை.

கழலையைப் பற்றிய அறிவோ வேறொரு பாதையில் வந்தது. 1811-இல் பிரான்சில் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடினைக் கண்டெடுத்தார்; 1820-இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார்; தைராய்டிலேயே அயோடின் இருப்பதை 1895-இல் பௌமன் நிறுவினார். இருந்தும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கிட்டில் ஆராய்ந்த இராபர்ட் மெக்கரிசன், அசுத்த நீரிலுள்ள நுண்ணுயிரே கழலைக்குக் காரணம் என்று கருதி, அந்நீரின் வண்டலைத் தாமும் குடித்துப் பார்த்தார். அவர் 1918-இல் குன்னூரில் தொடங்கிய ஆராய்ச்சிப் பணியே வளர்ந்து, பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அயோடினும் இரும்பும் கலந்த இருசத்து உப்பை உருவாக்கியதும் அந்நிறுவனமே.

1956-இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் ஒரு பகுதிக்கு வெற்றுப்பையும் மற்றப் பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும் வழங்கிப் பார்த்து, பின்னவற்றில் கழலை குறைவதைத் தெளிவாகக் காட்டினர். 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. எந்த மாநிலமும் இக்குறைபாட்டுக்கு விலக்கன்று எனப் பின்வந்த ஆய்வுகள் உணர்த்தவே, மலைநாட்டு நோய் என்ற கருத்து கைவிடப்பட்டு, நாட்டின் உணவு உப்பு முழுவதிலும் அயோடின் சேர்க்க முடிவாயிற்று. உற்பத்தியிடத்தில் பத்து இலட்சத்தில் 30 பங்கும், வாங்குவோர் கையில் 15 பங்கும் இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. 1998-இல் வந்த வெற்றுப்புத் தடை 2000-இல் நீக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. வரி தண்டுவதற்காக எழுப்பிய அமைப்பே மருந்தைப் பரப்பும் கருவியானது வரலாற்றின் விந்தைதான். ஆனால் கலவை இயந்திரமோ ஆய்வுக்கூடமோ இல்லாத சிறு உப்பளக்காரருக்கு இது சுமையாகவே வந்தது என்பதையும் மறைக்கலாகாது.

அயோடின் புதிய கழலைகளைத் தடுக்கிறது. முதிர்ந்த கட்டிகளைக் கரைப்பதில்லை. போதிய அயோடின் உண்போரிடமும் கட்டிகள் தோன்றுகின்றன. ஆண்களைவிடப் பெண்களிடமே அவை மிகுதி. அவற்றில் பெரும்பாலானவை புற்றல்ல. எனினும் சிறுபகுதி புற்றாக இருப்பதால், ஸ்கேன் செய்து, ஐயத்திற்குரியவற்றில் மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்ப்பது இன்றைய முறை. நெடுங்காலக் குறைபாட்டால் தன்னிச்சையாக இயங்கத் தொடங்கிவிட்ட கட்டிக்குத் திடீரென அயோடின் கிடைத்தால், அது ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து படபடப்பையும் உடல் மெலிவையும் உண்டாக்கக்கூடும். குவாந்தேயின் நோயாளிகள் சிலருக்கு நேர்ந்ததும் இதுவே, அதனால்தான் அவருடைய மருந்து அவர் காலத்திலேயே கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று.