காலக் கலத்தில் ஏறிய வரலாற்று ஆசிரியை

விஞ்ஞானக் கதைகளைத் தொலைக்காட்சியில் கண்டு பழகாதவர், முதன்முறை ஒன்றைக் காண நேர்ந்தால் பெரும்பாலும் நகைப்பார். அட்டையாற் செய்த பாறைகளும் ஆடுகின்ற சுவர்களும் அவருக்கு வேறென்ன எண்ணத்தைத் தரும்? ‘டாக்டர் ஹூ’ என்னும் பிரிட்டிஷ் தொடரின் முதற்பகுதியை அண்மையில் காண அமர்ந்தபோது எனக்கும் அந்த எண்ணமே இருந்தது. ஆயினும் நகைப்பு எழவில்லை. என்னைப் போலவே நம்ப மறுக்கும் இருவர் கதைக்குள்ளேயே இருந்தனர். அவ்விருவரும் பள்ளி ஆசிரியர்கள்!

பி.பி.சி. நிறுவனம் இத்தொடரை 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலையில் தொடங்கியது. அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள் அது. அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னர் முதற்பகுதியை மீண்டும் ஒளிபரப்ப வேண்டியதாயிற்று. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் அப்பொழுது 27 வயதுப் பெண்மணி. முதற்கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் இலக்னோவில் பிறந்தவர்.

வரலாற்று ஆசிரியை பார்பராவும் அறிவியல் ஆசிரியர் இயனும் சூசன் என்னும் மாணவியைக் கண்டு குழம்புகின்றனர். ஒரு பவுனுக்கு எத்தனை ஷில்லிங் என்பதை அவள் அறியாள். நாட்டில் தசம நாணய முறை நடப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். வகுப்பு நகைக்கிறது. (பிரிட்டன் அம்முறைக்கு உண்மையாகவே மாறியது 1971 பிப்ரவரியில்!) அவளைப் பின்தொடர்ந்து சென்ற ஆசிரியர்கள், பழைய பொருள்கள் குவிந்த ஓரிடத்தில், காவல்துறைத் தொலைபேசிப் பெட்டி ஒன்றனுள் நுழைகின்றனர். உள்ளே விசாலமான கூடம்! பெட்டியைச் சுற்றி நடந்து பார்த்த இயனால் இதனை ஏற்க இயலவில்லை. பார்வையாளர் சொல்ல நினைத்த மறுப்பையெல்லாம் அவரே சொல்லிவிடுகிறார். நாம் வாதிட ஒன்றும் எஞ்சவில்லை.

வரலாறும் அறிவியலும் மாறி மாறி வரவேண்டும் என்பதே தொடக்ககால நோக்கம். 1964இல் வந்த ஆஸ்டெக் மக்கள் பற்றிய கதையே என்னை மிகவும் பாதித்தது. தெய்வப் பிறவியென வணங்கப்பெற்ற பார்பரா, நரபலியை நிறுத்திவிட்டால் பின்னாளில் வரும் ஸ்பானியரிடமிருந்து அம்மக்கள் தப்புவர் என நம்புகிறாள். வரலாற்றைத் திருத்தலாகாது என்று டாக்டர் தடுத்தும் கேளாள். பலி நிற்கவில்லை, குரு ஒருவரின் மனம் மட்டுமே மாறுகிறது. பாடநூலில் அழிவைப் படித்துக் கற்பித்தவள், அதற்கு முந்திய நாளில் அம்மக்களிடையே நிற்கும் வேதனையை வேறெங்கும் நான் இவ்வாறு கண்டதில்லை.

எனினும், 1963 டிசம்பரில் வந்த தாலெக் என்னும் இயந்திர உருவங்களே மக்களை ஈர்த்தன. முதற்பகுதியை ஏறத்தாழ 44 இலட்சம் பேர் பார்த்திருக்க, தாலெக் கதையின் முடிவில் அத்தொகை ஒரு கோடியைக் கடந்தது. பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. அவற்றின் கரகரத்த குரல் எனக்கும் அச்சமூட்டியது. 1965இல் ஆசிரியர் இருவரும் தொடரை விட்டு நீங்கினர். 1967 சனவரிக்குப் பின் வேற்றுலகத்தவர் தலையிடாத வரலாற்றுக் கதை 1982இல் ஒரே முறைதான் வந்தது. இஃது இழப்பே என்பேன்.

வாரிஸ் ஹுசேன் பெரும்பகுதியை இயக்கிய மார்க்கோ போலோ கதையின் ஏழு பகுதிகளும் ஒளிநாடாக்கள் அழிக்கப்பட்டதால் மறைந்தன. அன்று வீட்டில் அமர்ந்து ஒலியை மட்டும் நாடாவிற் பதிந்துகொண்ட பார்வையாளர்களால் அதன் உரையாடல்களை இன்றும் கேட்க முடிகிறது.