ஓலைச்சுவடியிலிருந்து வன்னி வகுப்பறைக்கு: நிறுத்தக்குறிகள் வந்த வழி

பனையோலையில் எழுதியவர்கள் சொற்களுக்கிடையே இடம் விடவில்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்று மெய்யெழுத்துக்குரிய புள்ளியையும் பெரும்பாலும் தவிர்த்தனர். திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்துப் பழகி, ஆசிரியரான சட்டம்பியார் சொல்லச் சொல்ல மனனம் செய்த பிள்ளைக்கு ஏடு நினைவுக்குத் துணையாக மட்டுமே இருந்தமையால், எங்கே நிறுத்துவது என்பதைக் குறியிட்டுக் காட்டும் தேவை எழவில்லை. செய்யுளில் சீரும் அடியும் அதைக் காட்டின. உரையில் வினைமுற்று வாக்கியத்தின் முடிவையும், வினையெச்சம் அதன் தொடர்ச்சியையும், 'என்று' என்னும் சொல் பிறர் கூற்றின் எல்லையையும் உணர்த்தின.

இந்நிலையை மாற்றியது அச்சு. 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனும் வெஸ்லியன் மிஷனும் பாடசாலைகளுக்காகவும் சமயப் பரப்புக்காகவும் வெளியிட்ட நூல்களின் வழியே ஐரோப்பியக் குறிகள் யாழ்ப்பாணத் தமிழுக்குள் வந்தன. பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்த நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இக்குறிகளின் பயனை அப்பணியிலேயே நன்கு அறிந்துகொண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அடுத்த ஆண்டு அச்சியந்திரத்தையும் நிறுவிய அவர், படிமுறையாக எழுதிய பாலபாட நூல்களால் குறியிட்ட உரைநடையைச் சைவப் பிள்ளைகளின் கைக்கே கொண்டு சேர்த்தார். குறிகளைத் தமிழில் முதலில் இட்டவர் அவரா என்ற வாதத்தைவிட, அவற்றைத் தொடக்க வகுப்பின் பாடமாக்கியதே அவருடைய பெரும் பணி எனலாம்.

கற்பித்தலுக்குப் பழைய இலக்கணமே அளவுகோல் தந்தது. கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரமே மாத்திரை. காற்புள்ளியில் ஒரு மாத்திரை, அரைப்புள்ளியில் இரண்டு, முக்காற்புள்ளியில் மூன்று, முற்றுப்புள்ளியில் நான்கு என நிறுத்தி வாசிக்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. வகுப்பே ஒருமித்து உரத்து வாசித்த காலத்தில் இக்கணக்கு பொருத்தமாகவே இருந்தது. மௌன வாசிப்புக்கு அது போதாது.

இக்குறிகளைப் பிள்ளைகளிடம் கொண்டு சென்ற பாடசாலைக் கல்வி வன்னியில் மெல்லவே பரவியது. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் வடபகுதியில் பாடசாலைகளைப் பெருக்கியதும், 1930களில் இரணைமடுக் குளத்தை நம்பிக் கிளிநொச்சியில் குடியேற்றம் நிகழ்ந்ததும், 1945இல் இலவசக் கல்வி வந்ததும் அப்பரவலுக்கு வழிசெய்தன. 1980 முதல் அரச பாடநூல்கள் இலவசமாகக் கிடைத்தமையால் முல்லைத்தீவுப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே பக்கத்தில் ஒரே குறிகளைக் கண்டனர். 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் தற்காலிகப் பாடசாலைகள் நடந்தன என்பதையும் இவ்வரலாற்றில் மறக்கலாகாது; கொப்பியும் புத்தகமும் இழந்து வந்த பிள்ளைகள் அங்கே மறுபடியும் எழுதத் தொடங்கினர்.

குறிகளுள் எது பிள்ளைக்கு எளிது, எது கடினம் என்பதற்கு விடை மொழியிலேயே உண்டு. 'குளம் நிறைந்ததா' என்பதில் ஆகாரமே வினாவை உணர்த்திவிடுவதால் வினாக்குறி அதற்கு உறுதி சேர்க்கிறதேயன்றிப் புதிதாக எதையும் சொல்வதில்லை. 'குளம் வான் பாய்கிறது' என்பதோ வேறு வகை. நிறைந்த குளத்தின் மிகைநீர் கலிங்கின் வழியே வழிவதை வன்னியில் அவ்வாறு சொல்வர். முற்றுப்புள்ளியிட்டால் அது செய்தி. உணர்ச்சிக்குறியிட்டால், மாரி பொய்க்கவில்லை என்ற மகிழ்ச்சியோ தாழ்நிலத்து வீடுகளுக்கான எச்சரிக்கையோ ஆகும். இங்கே சொல்லில் இல்லாத பொருளைக் குறியே தாங்குகிறது. குரலை ஏற்றியும் இறக்கியும் ஆசிரியர் அதை வாசித்துக் காட்டினால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

காற்புள்ளிதான் கடினம். விளியில் அது தெளிவாகவே நிற்கிறது. 'அக்கா, தம்பி வந்தானா?' என்பதில் காற்புள்ளியை நீக்கினால் யாரை நோக்கிக் கேட்கிறார்கள் என்பது மங்கிவிடும். ஆனால், வினையெச்சங்கள் அடுக்கி வரும் நீண்ட வாக்கியத்தில் அதை எங்கே இடுவது என்பதில் பெரியவர்களே வேறுபடுகின்றனர். ஆதலால், குறிகளின் பெயரையும் வடிவத்தையும் மனனம் செய்விப்பதைவிட, குறிகளை நீக்கிய ஒரு பந்தியைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை வாய்விட்டு வாசிக்கச் செய்து, குரல் நின்ற இடத்தில் அவர்களையே குறியிடச் சொல்லும் பயிற்சி மேலானது. சொல்வதெழுதலிலும் 'காற்புள்ளி', 'முற்றுப்புள்ளி' என்று ஆசிரியர் வாயால் சொல்லிவிடாமல், குரலாலேயே உணர்த்தி எழுதச் செய்யலாம்.