பிடில், வயலின், மறுபடியும் பிடில்: கோட்டை வாத்தியம் செட்டிநாட்டுக்கு வந்த வரலாறு

குறுந்தொகையின் 275ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு சந்தேகத்தை எழுப்புகிறார். பொழுது சாய்கிற நேரம், எங்கோ மணியோசை கேட்கிறது. புல் மேய்ந்து ஊர் திரும்பும் மாட்டின் கழுத்து மணியா, போன காரியம் முடித்து ஈரமணல் காட்டாற்று வழியே வரும் தலைவனின் தேர் மணியா? பாறை மேல் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம் வா என்று தோழி தலைவியைக் கூப்பிடுகிறாள். காதில் விழும் ஓசை நம் தொழுவத்துடையதா, வெளியிலிருந்து வருவதா என்ற அந்தக் கேள்வியே இந்தக் கட்டுரைக்கும் அடிப்படை. மாசாத்தியார் சிவகங்கைச் சீமையின் ஒக்கூர்க்காரர் என்பதில் அவ்வூராருக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த ஒக்கூரில் சில ஆண்டுகளுக்கு முன் நகரத்தார் வீட்டு அறுபதாம் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் சட்டென்று ஒரு துள்ளல் மெட்டுக்குத் தாவினார். கமகமே இல்லாத வெட்டு வெட்டான சுரங்கள். கால் தானாகத் தாளம் போட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர், “நோட்டு வாசிக்கிறான் பாருங்க” என்றார். ‘நோட்டு’ என்ற அந்தச் சொல்லை எழும்பூர்ப் பக்கமோ காரைக்குடிப் பக்கமோ யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் வேரைத் தேடிப் போனால் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் தொடங்கி ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற நடனக் கூடம் வரை போக வேண்டியிருக்கிறது. அங்கே பிடில்காரர் வாசித்து ஊரே ஆடிய வாத்தியம், இங்கே பாடகரின் பக்கத்தில் அடக்கமாக உட்கார்ந்தது. பிறகு செட்டிநாட்டுக்காரர் ஒருவர் கையில் மறுபடியும் திருவிழா வாத்தியமானது. இந்த மூன்று நிலைகளைத் தேதிகளோடு பொருத்திப் பார்ப்பதே என் நோக்கம்.

கோட்டையும் மணலியும்

1780 ஜனவரியில் 73ஆவது ஹைலாந்துப் படை சென்னையில் வந்து இறங்கியது. ஹைதர் அலியோடு போரிட்ட ஸ்காட்லாந்து மலைநாட்டுச் சிப்பாய்கள் அவர்கள். அதற்கடுத்த நாற்பது ஆண்டுகளில் கம்பெனி ஆட்சியில் ஸ்காட்லாந்துக்காரர்களின் கை எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதற்கு எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கும், கிளாஸ்கோவில் பிறந்து சென்னை கவர்னரான தாமஸ் மன்றோவும் சாட்சி. படை போன இடமெல்லாம் பேண்டும் போயிற்று. அதோடு பிடிலும் போயிற்று.

கோட்டையின் இசை சென்னையை அடுத்த மணலிக்கு வந்தது, கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஒரு துபாஷ் குடும்பத்தின் வழியாக. மணலி முத்துகிருஷ்ண முதலியார் ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தைத் திருவாரூரிலிருந்து அழைத்துவந்து ஆதரித்தார். அவர் மகன் வெங்கடகிருஷ்ண முதலியார் என்கிற சின்னையா முதலியார் தீட்சிதர் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்காரர் பேண்டைக் கேட்க வைத்தார். கடைசிப் பிள்ளை பாலுசுவாமிக்கு ஓர் ஐரோப்பிய வாத்தியாரை அமர்த்தி மூன்று ஆண்டுகள் பிடில் கற்பித்தார். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகாரப் புத்திரருமான சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யே இதற்கு ஆதாரம். பாலுசுவாமி பிறந்தது 1786. சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களைக் கர்னல் அக்னியூவின் கம்பெனிப் படை காளையார்கோவில் காட்டில் துரத்தி, 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டபோது பாலுசுவாமிக்குப் பதினைந்து வயது. ஒரே கம்பெனிப் படை மணலிக்குப் பிடிலையும் சிவகங்கைச் சீமைக்குத் தூக்குக் கயிற்றையும் கொண்டுவந்தது. சங்கீத வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

கோட்டையில் கேட்ட மெட்டுகள் அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரிடம் நோட்டுசுர சாகித்தியங்களாயின. சுமார் நாற்பது உருப்படிகள், எல்லாமே சங்கராபரணத்தின் சுரங்களில். பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ ஆனது. ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற அயர்லாந்து மெட்டு ‘வந்தே மீனாட்சி’ ஆனது. ‘வரசிவ பாலம்’ என்ற முருகன் பாடலுக்கு மூலம் ‘லார்டு மக்டொனால்ட்ஸ் ரீல்’ என்ற ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டு என்று கண்ணிக்ஸ் கண்ணிகேஸ்வரன் போன்றோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. ரீல் என்றால் ஜோடி ஜோடியாக வளைந்து ஓடி ஆடும் ஆட்டம். மரத்தளத்தில் பூட்ஸ் கால்கள் தட்டியாடிய மெட்டில் வடமொழியில் வள்ளிமணாளனைப் பாட ஒரு தனித் துணிச்சல் வேண்டும். 1893இல் சின்னசுவாமி முதலியார் தம் ஐரோப்பிய சுரக்குறிப்பு நூலில் இவற்றை அச்சேற்றினார். நூறாண்டு கழித்து அந்த மெட்டுகள் மறுபடியும் ஐந்து கோட்டுத் தாளில் ஏறின.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்து மெட்டுகள் எல்லாம் சங்கராபரணம் அல்ல. கைசிகி நிஷாதம் வரும் மெட்டுகள் அங்கே நிறைய. புத்தாண்டு இரவில் உலகமே பாடும் ‘ஆல்டு லாங் சைன்’ மோகனத்தின் ஐந்து சுரங்களைத் தாண்டுவதேயில்லை. தீட்சிதரின் காதில் விழுந்தது கோட்டை பேண்டின் தேர்வு மட்டுமே என்று இதிலிருந்து ஊகிக்கிறேன்.

ச ப ச ப

பெயரைப் பாருங்கள். நம் தாத்தாக்கள் வயலின் என்று சொல்லவில்லை, பிடில் என்றார்கள். திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் (1857–1913) பிடில் வித்துவான். ரோம் எரிந்தபோது நீரோ வாசித்ததும் தமிழில் இன்றுவரை பிடில்தான். ஆங்கிலத்தில் ‘வயலின்’ கனவான்களின் கச்சேரிச் சொல். ‘ஃபிடில்’ சிப்பாயும் குடியானவனும் சாராயக்கடைக்காரனும் சொல்லும் சொல். தமிழ் எடுத்துக்கொண்டது இரண்டாவதை. வாத்தியம் எந்த வாசல் வழியாக வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

வந்த பிடில் இங்கே உட்காரக் கற்றது. வெள்ளைக்காரர் நின்றுகொண்டு மோவாய்க்குக் கீழே செருகிக்கொள்வார். நம் வித்துவான் சம்மணமிட்டு, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடிப்பாகத்தை மார்பில் சாய்த்துக்கொள்கிறார். இடது கைக்கு இனி வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லை. விரல் தந்தியின் மேல் நீளமாக வழுக்கிப் போகலாம். தோடியின் காந்தாரம் அசைய அந்த வழுக்கல் வேண்டும். தந்தி கட்டும் முறையும் மாறியது. ஐரோப்பாவில் நான்கு தந்திகளுக்கும் நான்கு வெவ்வேறு சுரங்கள். இங்கே பாடகரின் சுருதிக்கு இறக்கி ச ப ச ப: கீழ் ஷட்ஜம், அதன் பஞ்சமம், மேல் ஷட்ஜம், அதன் பஞ்சமம்.

இதை நம்முடைய தனிக் கண்டுபிடிப்பு என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். முழுக்கச் சரியில்லை. ஸ்காட்லாந்தின் பழைய பிடில்காரர்கள் சில மெட்டுகளுக்குக் கீழ்த் தந்தி இரண்டையும் ஒவ்வொரு சுரம் ஏற்றி ஏ, இ, ஏ, இ என்று கட்டுவார்கள். இடைவெளியை அளந்து பார்த்தால் அதுவும் ச ப ச ப. சும்மா விட்ட தந்தி கூடவே ரீங்கரித்துக் கூட்டத்தின் சத்தத்தைத் தாண்ட வேண்டும் என்பது அவர்கள் தேவை. சுருதியை விட்டு விலகக் கூடாது என்பது நம் தேவை. சிப்பாய்ப் பிடில்காரரிடமிருந்து நேரே வந்த பழக்கம் இது என்று நான் வாதிடவில்லை. வேறு வேறு தேவைகள் ஒரே தந்திக்கட்டில் வந்து நின்றன என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

பாலுசுவாமி 1824இல் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானானார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவுக்கு (1810–1845) 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் யானைத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். வடிவேலு ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் பிடில் கற்றார் என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதுகிறார்கள். ஷ்வார்ட்ஸ் தஞ்சாவூரில் காலமானது 1798இல். வடிவேலு பிறக்கப் பன்னிரண்டு ஆண்டு இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்த காலம்

பாட்டுக்குத் துணையாக முன்பு வீணை இருந்தது. தண்டின் மேலுள்ள மெட்டுக்கட்டுகளுக்கு நடுவே குரலைத் துரத்திப் பிடிப்பது அதற்குச் சிரமம். பெரிய கூடத்தில் அதன் ஒலி கடைசி வரிசைக்குப் போகாது. வில்லுக்கு அந்தச் சிரமம் இல்லை. குரல் நீளும் வரை அதுவும் நீளும். கிருஷ்ணய்யருக்குப் பின் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, துவாரம் வெங்கடசுவாமி நாயுடு, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை என்று மேதைகள் வந்தார்கள். துண்டறிக்கைகளில் பிடில் மெல்ல ‘வயலின்’ ஆயிற்று.

செட்டிநாட்டில் நடந்தது சுவையானது. காரைக்குடி சகோதரர்கள் சுப்பராமய்யரும் சாம்பசிவய்யரும் வீணையை விடவில்லை. அண்ணன் வீணையை நட்டுக்குத்தாக நிறுத்தி வாசிப்பார், தம்பி மடியில் கிடத்தி வாசிப்பார். அவர்களுக்கு வயலின் வேண்டியிருக்கவில்லை. காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் பிறந்த ராமானுஜ ஐயங்காரோ (1890–1967) வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடியும் கச்சேரி அமைப்புக்கு உருக்கொடுத்தவர். அதில் வயலினுக்கு நிலையான இடம் கிடைத்தது. ஆலாபனைக்குப் பின் ஒரு முறை, சுரத்துக்குப் பதில் சுரம். கௌரவமான இடம், ஆனால் வேலி போட்ட இடம். 1952இல் சங்கீத நாடக அகாதமி முதன்முதலாக விருது கொடுத்தபோது கர்நாடக இசைக்குப் பெற்ற இருவர் அரியக்குடியும் சாம்பசிவய்யரும். இருவரும் ஒரே வட்டாரத்துக்காரர்கள். கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் பணம் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியாகவும் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாகவும் ஆனது அதற்கு முன்பே.

புரவலர் இல்லாமல் பிடில் எங்கும் வளரவில்லை. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற பிடில்காரர் நீல் கோ (1727–1807) நெசவாளி வீட்டுப் பிள்ளை. அத்தோல் பிரபுவின் ஆதரவில் வாசித்தார். மணலி முதலியார் இங்கே செய்ததும் அதுதான். ஆனால் நீல் கோவுக்கு முன்னால் ஊர் ஆடியது. பாலுசுவாமியின் வழிவந்தவர்களுக்கு முன்னால் சபை தலையாட்டியது.

குன்றக்குடியிலிருந்து

1935 மார்ச் 2இல் குன்றக்குடியில் பிறந்தவர் குன்னக்குடி வைத்தியநாதன். தந்தை ராமசுவாமி சாஸ்திரி. சிறு வயதிலேயே அரியக்குடி, செம்மங்குடி போன்ற பெரியவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையோடும் வாசித்திருக்கிறார். 1976இல் பக்கவாத்தியத்தை விட்டு, வேலியைத் தாண்டித் தனியே வந்தார்.

அவர் தேர்ந்த துணை வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவில். இதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. மிருதங்கம் கூடத்துக்குரியது, தவில் கோவில் வாசலுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் உரியது. நாதஸ்வரம் நிற்க வேண்டிய இடத்தில் வயலினைக் கொண்டுபோய் உட்கார வைத்தார் வைத்தியநாதன். அதற்கேற்ப வில் மாறியது. பக்கவாத்தியக்காரரின் வில் திரும்புவதே தெரியாமல் பாட்டின் பின்னால் நீளும். இவருடைய வில்லோ தவிலின் சொல்லுக்குச் சொல் வெட்டிப் பேசும். ஸ்காட்லாந்துப் பிடிலிலும் வில்லை வெட்டி எடுக்கும் குட்டை–நெட்டைத் தாள அடிதான் உயிர்; அதைக் கேட்டே கால் எழும்பும்.

நெற்றி நிறைய விபூதி, நடுவே பெரிய குங்குமம், வாசிக்கும்போது கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பு. பெரிய ராகம் முடிந்ததும் சினிமாப் பாட்டு, பறவைச் சத்தம். 1969இல் ‘வா ராஜா வா’ படத்துக்கு இசையமைத்தார். 1972இல் ‘தெய்வம்’ படத்தில் மதுரை சோமு பாடிய ‘மருதமலை மாமணியே’ அவருடைய மெட்டு. வித்தை காட்டுகிறார் என்று சபாக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. சில இரவுகளில் ராகத்தைவிட வேடிக்கை மிஞ்சியதை ஒலிநாடாக்களில் இன்றும் கேட்கலாம். ஆனால் அளவுகோல் எது என்று கேட்க வேண்டும். கச்சேரி அளவுகோலில் அவர் குறைந்தால், ஊர்த் திருவிழாவின் அளவுகோலில் அவருக்கு நிகரில்லை. கோவில் திடலில் தரையில் உட்கார்ந்த கூட்டம் எழுந்து போகாமல் வயலின் கேட்டது அவரால்தான். பாலுசுவாமி கோட்டையில் கேட்ட பிடிலின் குணம் அது.

அவரே திருவையாறு தியாகப் பிரம்ம மகோத்சவ சபையின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தார் என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. எடின்பரோவில் ஆண்டுதோறும் நடக்கும் பிடில் திருவிழாவில் மேடைக்காரரும் கற்றுக்குட்டியும் வட்டமாக உட்கார்ந்து ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பது வழக்கம். நம்மிடம் அதற்கு நெருங்கியது, திருவையாற்றுக் காவிரிக் கரையில் தியாகராஜ ஆராதனை நாளான பகுள பஞ்சமியன்று பஞ்சரத்தினம் வாசிக்க வரிசை வரிசையாய் உட்காரும் வயலின்காரர்கள். அந்தக் கூட்டத்தில் பக்கவாத்தியம் என்று யாரும் இல்லை. வைத்தியநாதன் 2005இல் பத்மஸ்ரீ பெற்றார். 2008 செப்டம்பர் 8இல் காலமானார்.

ஒக்கூர்க் கல்யாணத்துக்குத் திரும்புகிறேன். ஊர்வலம் ஊரணிக் கரையில் நின்றபோது நாதஸ்வரக்காரரிடம் போய்க் கேட்டேன்.

“அண்ணே, முன்ன வாசிச்சது என்ன பாட்டு?”

“நோட்டுங்க.”

“யாரு போட்டது?”

சீவாளியைக் கழற்றி வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே யோசித்தார். “எங்க அப்பாகிட்டப் பாடம். அவருக்கு அவுக மாமா.” தவில்காரர் கூடு மாட்டிய விரலால் வலந்தலையை ஒரு தட்டுத் தட்டினார். ஊர்வலம் மறுபடி நகர்ந்தது.