மட்டக்களப்பு வாவி: நீர் மாசடைதலும் கட்டுப்பாடும்

மட்டக்களப்பு வாவி இலங்கையின் கிழக்குக் கரையோரமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்துள்ள உவர்நீர் நிலை. பாடும் மீன்களால் பெயர்பெற்றது. கடற்பக்க எழுவான்கரையையும் மேற்கிலுள்ள படுவான்கரையையும் இது பிரிக்கிறது. எழுவான்கரையில் நகரங்கள் நெருங்கியுள்ளன. படுவான்கரை வயலும் குளமுமான நிலம். வாவியில் சேரும் மாசும் பெரும்பாலும் இவ்விரு கரைகளின் தன்மைக்கேற்பக் குடியிருப்புக் கழிவு, வயல் வடிநீர் என இரு வகைப்படும்.

நீர்ப்போக்கு

வாவி பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. மாரியில் வெள்ளம் மணல்திட்டை உடைத்துக்கொண்டு வெளியேறும். கோடையில் ஆற்றுநீர் குறைய, அலை ஒதுக்கும் மணல் வாயை அடைக்கும். அப்போது கடல்நீரின் போக்குவரத்து நின்று கழிவு உள்ளேயே தேங்குகிறது. ஆகவே, கொட்டப்படும் கழிவின் அளவைப் போலவே வாய் திறந்திருக்கும் காலமும் மாசைத் தீர்மானிக்கிறது. வெள்ள காலத்தில் வயல்களைக் காக்க மணல்திட்டை வெட்டிவிடுவதுண்டு. மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என்ற அச்சத்தால் மீனவர்கள் அதை எதிர்ப்பதும் உண்டு.

மாசின் மூலங்கள்

உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் கீழுள்ள வயல்களிலிருந்தும், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரைப் பகுதியிலிருந்தும் வடியும் நீர் வாவியைச் சேர்கிறது. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் இடப்படும் பசளையின் நைதரசனும் பொசுபரசும், களைகொல்லி எச்சங்களும் அதனோடு வருகின்றன.

எழுவான்கரையின் மண் மணற்பாங்கானது. நிலத்தடி நீர்மட்டமும் உயரத்திலுள்ளது. இதனால் மட்டக்களப்பு நகர், காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் மலசலகூடக் குழிகளின் கழிவு எளிதில் கசிந்து பரவுகிறது. மழைநீருக்கென வெட்டிய வடிகான்கள் வீட்டுக் கழிவுநீரையும் சுமக்கின்றன. நெல் அவிக்கும் ஆலைகளின் நீர், இறைச்சிக் கழிவு, பொலித்தீன், கைவிடப்பட்ட தங்கூசி வலைகள் ஆகியனவும் மாசைக் கூட்டுகின்றன.

விளைவுகள்

மிகுந்த ஊட்டச்சத்து ஆற்றுவாழையையும் அல்காக்களையும் பெருக்குகிறது. ஆற்றுவாழை 1905இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 1909இலேயே அதைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மாரியின் நன்னீரில் தழைக்கும் இச்செடி, உவர் ஏறியதும் மடிந்து அழுகுகிறது. அழுகல் நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்ச, மீன்கள் கூட்டமாக இறக்கக்கூடும். தோணிகளும் வலைகளும் செடித்திரளில் சிக்குவதால் மீனவரின் வருவாய் குறைகிறது. இறாலும் மீன்குஞ்சுகளும் வளரும் கண்டல் ஓரங்களும் பாழாகின்றன.

சட்டமும் நிருவாகமும்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், கழிவுநீர் வெளியேற்றும் தொழிற்சாலைகளுக்கு உரிமம் கோருகிறது. இதை மத்திய சுற்றாடல் அதிகாரசபை நடைமுறைப்படுத்துகிறது. மீன்பிடியை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. கரையோரம், நீர்ப்பாசனம், குப்பை அகற்றல் ஆகியவை வெவ்வேறு திணைக்களங்களுக்கும் உள்ளூராட்சி சபைகளுக்கும் உரியவை. நீரேந்து பகுதி மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டங்களில் விரிந்திருப்பதால், ஒரு மாவட்டத்தில் எடுக்கும் முடிவு மற்றதைக் கட்டுப்படுத்துவதில்லை.

கட்டுப்பாட்டு வழிகள்

சிரமதானமாகக் கரையைத் துப்புரவு செய்வதும் ஆற்றுவாழையை அள்ளுவதும் உடனடி நிவாரணம் தரும். ஆனால் ஊட்டச்சத்து வந்துகொண்டிருக்கும்வரை செடி மீண்டும் முளைக்கும். மண் பரிசோதனைக்கேற்பப் பசளையிடுதல், வடிவாய்க்கால்களை நாணலும் பன்னும் நிறைந்த சதுப்புகளின் வழியே விடுதல், கண்டல்களை மீள வளர்த்தல் ஆகியவை மூலத்திலேயே மாசைக் குறைக்கும். இரசாயனப் பசளையை 2021இல் அரசு திடீரெனத் தடைசெய்தபோது விளைச்சல் சரிந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்ந்தது. பசளைக் குறைப்பைப் படிப்படியாகவே செய்ய வேண்டும் என்பதற்கு இது சான்று. ஊர்ப்பகுதியில் கசிவற்ற குழிகளும், அவற்றின் கழிவை உறிஞ்சும் வாகனச் சேவையும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் முதன்மையானவை.

ஒடிசாவின் சிலிக்கா ஏரி மட்டக்களப்பு வாவிக்கு நெருங்கிய முன்மாதிரி. அங்கும் வாய் தூர்ந்து உவர்ப்புக் குறைந்து, நன்னீர்ச் செடிகள் மண்டின. 2000இல் புதிய வாய் வெட்டியபின் உவர்ப்பு மீண்டது, மீன்பிடி பெருகியது. ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் மொன்றோ பதிவேட்டிலிருந்து 2002இல் ஏரி நீக்கப்பட்டது. வாய், ஏரி, நீரேந்து பகுதி மூன்றையும் சிலிக்கா அபிவிருத்தி அதிகாரசபை என்ற ஒரே அமைப்பு கவனித்தமை அம்மீட்சிக்கு உதவியது.