மெழுகும் சாயமும்: சென்னையின் நவீன ஓவியமும் கொங்கு நெசவுச் சீமையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையை மையமாகக் கொண்டு வளர்ந்த நவீன ஓவியத்துக்குத் துணி சோறு போட்டது என்ற செய்தி, அக்கலையின் வரலாற்றில் போகிற போக்கில் சொல்லப்படுகிறதே தவிர, உரிய அழுத்தம் பெற்றதில்லை. 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கம் தோன்றியது தொடங்கி எழுபதுகளின் இறுதி வரை, சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர்களும் பயிற்றுவித்தவர்களும் படைத்தவற்றையே கலை வரலாற்றாசிரியர்கள் இன்று 'சென்னை இயக்கம்' என்ற பெயரில் தொகுத்துப் பேசுகிறார்கள். அந்த ஓவியர்களில் ஒரு சாராருக்குக் குடியிருக்க நிலம் வாங்கித் தந்தது மெழுகுச் சாயத் துணி. இன்னொரு சாராருக்கு மாதச் சம்பளம் தந்தது கைத்தறி. அப்படியிருந்தும், துணியையே தொழிலாகக் கொண்ட திருப்பூர், கோவை, ஈரோடு, கரூர் வட்டாரம் அந்த ஓவியங்களை வாங்கிச் சேர்த்தவர்களின் வரலாற்றில் மிகச் சிறிய இடத்தையே பெறுகிறது.

சென்னைக் கலைப்பள்ளியை 1850-இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஒரு மருத்துவர். கைவினைத் தொழில்களுக்கு ஆள் தயாரிப்பதே அப்பள்ளியின் முதல் நோக்கமாக இருந்ததால், ஓவியம் அங்கே நீண்ட காலம் மட்பாண்டத்துக்கும் உலோக வேலைக்கும் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தது. 1929 முதல் 1957 வரை தலைமைப் பொறுப்பில் இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி நுண்கலைக்கு முதன்மை தந்தார். அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். ஐரோப்பிய நவீனத்தைக் கற்றுத் தேர்ந்த பிறகு, அதை அப்படியே தொடர்வதில் நிறைவு காணாமல், சாதகக் கட்டங்களையும் கணக்குக் குறிப்புகளையும் சுவடி எழுத்தையும் நினைவூட்டும் வரிகளால் கித்தானை நிரப்பி, 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை அவர் வரையத் தொடங்கினார். வாசிக்க முடிவதுபோல் தோன்றிப் பொருள் தராமல் நழுவும் அந்த எழுத்துக்கள், ஏட்டையும் சாதகத்தையும் பார்த்துப் பழகிய தமிழ்க் கண்ணுக்கு அந்நியமானவை ஆக மாட்டா.

பணிக்கரை வருத்திய கேள்வி வேறொன்றாக இருந்தது. பட்டயம் பெற்று வெளியேறும் மாணவர்களுக்கு ஓவியம் விற்று வாழும் வழி அன்றைய சென்னையில் இல்லை. விளம்பர நிறுவனத்திலோ பள்ளியிலோ வேலைக்குச் சேர்ந்தவர்களில் பலர் சில ஆண்டுகளில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டனர். நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்குக் கொடுத்து, அதில் வரும் வருவாயைக் கொண்டு எஞ்சிய பொழுதைக் கலைக்கு மீட்டுக்கொள்ளலாம் என்ற அவருடைய யோசனையிலிருந்து, அறுபதுகளின் முற்பாதியில் ஓவியர்களின் கைவினைச் சங்கம் ஒன்று பிறந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த கைவினைகளில் நன்றாக விலை போனது பாத்திக். பாத்திக் துணிகளின் கண்காட்சியும் விற்பனையும் தந்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் மணல் நிலம் வாங்கப்பட்டது. 1966-இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அரசின் மானியத்தையோ ஒரு செல்வரின் கொடையையோ அடித்தளமாகக் கொள்ளாமல், ஓவியர்கள் தங்கள் கைச் சாயத்தால் ஈட்டிய பணத்தில் ஊர் அமைத்தது இந்தியக் கலை வரலாற்றில் அரிய நிகழ்வாகும். அதைத் துணியின் வரலாற்றிலும் ஒரு நிகழ்வாக எழுதுவதே முறை.

பாத்திக் என்பது சாவகத் தீவின் மொழியிலிருந்து வந்த பெயர். உருக்கிய மெழுகைத் தூரிகையாலோ மூக்குள்ள சிறு செப்புக் கிண்ணத்தாலோ துணியில் இட்டால், மெழுகு பிடித்த இடத்தில் சாயம் ஏறாது. முதலில் வெளிர் மஞ்சள், மஞ்சளாகவே நிற்க வேண்டிய பகுதிகளில் மறுபடி மெழுகு, அதன்மேல் சிவப்பு, பிறகு நீலமோ கரும்பழுப்போ என்று வெளிறிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்துக்குப் படிப்படியாகத் துணி முங்கி எழும். மெழுகு உருகிவிடாதிருக்கக் குளிர்ந்த நீரில் பிடிக்கும் சாயங்களே இதற்கு ஏற்றவை. கடைசியில் கொதிநீரில் இட்டு மெழுகைக் களைவார்கள். சாயப்பட்டறையில் வேலை பார்த்த எவருக்கும் இந்த முறை விளங்கக் கூடியதே. ஆனால் பட்டறையில் குறை என்று ஒதுக்கப்படுவது இங்கே அழகாகிறது: மடித்தபோது மெழுகு விரிசல் விட்டு, அந்த விரிசலில் சாயம் புகுந்து, காய்ந்த ஏரி மண்ணில் ஓடும் வெடிப்பைப் போன்ற மெல்லிய நரம்புகளைத் துணியெங்கும் விட்டுச் செல்கிறது. உண்மைப் பாத்திக்கை அடையாளம் காண உதவுவதும் அந்த நரம்புகளே. சாயத்தில் முழுதாக முங்கி எழுந்த துணியாதலால் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியில் இருக்கும். ஒரு விரிசலைப் போல இன்னொரு விரிசல் இராது. பாத்திக் போலத் தோன்றும்படி அச்சிட்ட துணியிலோ பின்பக்கம் வெளுத்திருக்கும். ஒரே விரிசல் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்து, அது ஸ்கிரீனிலோ உருளையிலோ பிறந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கைத்தறியின் பங்கு வேறு வழியில் அமைந்தது. விடுதலைக்குப் பின், ஆலைத் துணியோடு போட்டியிட முடியாமல் தவித்த நெசவாளர்களுக்குப் புதிய வடிவங்களை வழங்கும் நோக்கத்தில், புபுல் ஜெயகரின் முயற்சியால் 1956 முதல் நெசவாளர் சேவை மையங்கள் அமைக்கப்பட்டன. அம்மையங்களில் வடிவமைப்பாளர் பணிக்கு நாடெங்கும் இளம் நவீன ஓவியர்களே அமர்த்தப்பட்டனர். பம்பாயில் கே.ஜி. சுப்பிரமணியன், காசியில் பிரபாகர் பர்வே, சென்னையில் எம். ரெட்டப்ப நாயுடு ஆகியோர் அவ்வாறு பணி செய்தவர்கள். திருச்சி வட்டாரத்துக் கீரனூரில் பிறந்து, பின்னாளில் தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமான கோட்டோவியராக விளங்கிய கே.எம். ஆதிமூலமும் அம்மையங்களில் பணியாற்றியவரே. பகலில் கரை, உடல், முந்தி என்று சேலையின் பரப்பைப் பிரித்துச் சிந்தித்த கை, மாலையில் தன் கித்தானுக்குத் திரும்பியபோது அந்தச் சிந்தனையை வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கும் என்று நம்புவது கடினம். பிற்கால ஆதிமூலத்தின் எண்ணெய் வண்ண அருவ ஓவியங்களில், அதாவது எந்த உருவத்தையும் குறிக்காமல் நிறத்தை மட்டுமே பொருளாகக் கொண்ட படங்களில், பெரிய நிறப் பரப்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் விதத்தைத் துணி அறிந்தவர்கள் வேறொரு கண்ணோடு பார்ப்பார்கள்.

இந்தக் காலத்தில் திருப்பூரின் சுவர்களில் தொங்கியது என்ன என்பதையும் கேட்டாக வேண்டும். 1925-இல் அமைந்த அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கு இருப்பிடமாகவும், 1932 ஜனவரியில் கொடிக்காகக் குமரன் உயிர் நீத்த ஊராகவும் பெயர் பெற்ற திருப்பூர், கதரிலிருந்து படிப்படியாகப் பனியனுக்கு மாறிக்கொண்டிருந்தது. பஞ்சுக் கடையிலும் நூல் கடையிலும் பனியன் கம்பெனியிலும் ஆண்டுதோறும் மாறிய ஓவியம் காலண்டர் படமே. அதன் பெரும் ஆசிரியர் கோவில்பட்டியில் குடியேறிய சி. கொண்டையா ராஜு (1898–1976). அவரும் சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர் என்பது குறிக்கத்தக்கது. ஒரே பள்ளியிலிருந்து புறப்பட்ட இரு வழிகளில் ஒன்று சிவகாசி அச்சகங்களின் வாயிலாக ஒவ்வொரு கல்லாப் பெட்டிக்கு மேலும் வந்து சேர்ந்தது. மற்றது ஈஞ்சம்பாக்கத்து மணலில் வாங்குவோரை எதிர்பார்த்து நின்றது. காலண்டர் படத்தை இகழ்ந்து நவீன ஓவியத்தை உயர்த்துவது இங்கு நோக்கமன்று, இரண்டுமே சேகரிக்கத் தகுந்தவை. ஆனால் காசில்லாமல் கைக்கு வரும் படம் இருக்கும்போது, ஓவியம் என்பது விலை கொடுத்து வாங்கும் பொருள் என்ற பழக்கம் வணிகக் குடும்பங்களில் வேர்விடாமல் போனதற்கு அந்த இலவசக் காலண்டரும் ஒரு காரணம்.

குறைந்த விலையில் மூல ஓவியத்தை வீட்டுக்குக் கொண்டுசேர்க்க உலகெங்கும் பயன்பட்ட வழி பதிப்போவியம். மரத்திலோ லினோலியத்திலோ செதுக்கியோ, செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்தோ, கல்லில் கொழுப்பு மையால் வரைந்தோ, ஓவியரே உருவாக்கிய அச்சிலிருந்து எண்ணிக்கை வரையறுத்து எடுக்கப்படும் படிகளே பதிப்போவியங்கள். தாளின் அடியில் பென்சிலால் 5/25 என்று எழுதியிருந்தால், எடுத்த இருபத்தைந்து படிகளில் அது ஐந்தாவது என்று பொருள். பொருளாதார நெருக்கடி மிகுந்த 1934-இல் நியூயார்க்கில் ரீவ்ஸ் லூயிந்தால் தொடங்கிய அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற நிறுவனம், தாமஸ் ஹார்ட் பென்டன், கிராண்ட் வுட் போன்ற வட்டார ஓவியர்களின் கையொப்பமிட்ட கல்லச்சுப் படங்களைப் பல்பொருள் அங்காடிகளில் ஐந்து டாலருக்கு விற்றது. வயலையும் களஞ்சியத்தையும் சிற்றூர்த் தெருவையும் வரைந்த அந்தப் படங்கள் நடுத்தரக் குடும்பங்களின் கூடத்தில் இடம்பெற்றன. இன்று அமெரிக்க வட்டாரக் கலையைச் சேகரிப்போர் தேடித் திரிவது பெரும்பாலும் அந்த ஐந்து டாலர் தாள்களையே. ஐம்பதுகளில் அதே நிறுவனம் ஓவியர்களின் வடிவங்களைத் துணியிலும் அச்சிட்டு விற்றது.

ஸ்கிரீன் அச்சைப் பொறுத்தவரை இந்த ஒப்புமை திருப்பூருக்கு இன்னும் நெருக்கமானது. 1938-இல் அமெரிக்க அரசின் கலைத் திட்டத்தின் கீழ் நியூயார்க்கில் அந்தோணி வெலோனிஸ் நடத்திய பிரிவு, அதுவரை கடைப்பலகைக்கும் விளம்பரத்துக்கும் பயன்பட்ட பட்டுத்திரை அச்சை ஓவியரின் கருவியாக மாற்றியது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலை, ஒளி பட்டால் இறுகும் பூச்சு, ஒளி படாத இடத்தைக் கழுவித் திறக்கும் நீர், ரப்பர் பட்டையால் மையை ஒரே சீராக இழுக்கும் கை, நிறத்துக்கு ஒரு ஃபிரேம் என்று அன்று அங்கே நடந்த வேலையின் இன்றைய உருவத்தைத்தான் திருப்பூரின் பிரிண்டிங் பட்டறைகள் பனியனின் நெஞ்சில் செய்கின்றன. நான்கு நிறத்தையும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வைக்கும் கைத்திறன் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. அதே திறனைத் தாளுக்குத் திருப்பி, தமிழ் ஓவியர்களின் வரையறுத்த பதிப்புகளை வெளியிடும் மரபு இங்கே பெரிய அளவில் எழவில்லை என்பது உண்மையிலேயே வருந்தத்தக்கது.

ஆயினும் நவீனக் கோடு கொங்குச் சீமைக்கு வராமலே போய்விடவில்லை. சிற்றிதழ் வழியே வந்தது. 1968-இல் சேலத்திலிருந்து 'நடை', 1970-இல் சென்னையிலிருந்து 'கசடதபற', 1971-இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' என்று தோன்றிய இதழ்களின் காலம், எழுத்தாளரும் ஓவியரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரத் தொடங்கிய காலமாகும். ஆதிமூலமும் அவருடைய கல்லூரித் தோழர்களும் அக்காலச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் கோட்டோவியங்கள் வரைந்தனர். தலைப்பு எழுத்தையே தூரிகையின் உடல்மொழியாக மாற்றிய ஆதிமூலத்தின் முறை, தமிழ் நூல் அட்டையின் முகத்தை மாற்றியது. 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் தீட்டிய காந்தி ஓவியங்களில் ஒன்றை நூல் அட்டையிலேனும் காணாத வாசகர் குறைவு. சில நூறு படிகளே அச்சான சிற்றிதழின் அட்டை, எண் இடப்படாவிட்டாலும் பதிப்போவியத்தின் உறவினமே. மட்டமான தாளின் அமிலம் ஆண்டுதோறும் அதைப் பழுப்பாக்கி உதிர்த்துக்கொண்டிருப்பதால், கித்தான் ஓவியத்தைவிட அவசரமாகக் காக்கப்பட வேண்டியதும் அதுவே.

முறையான சேகரிப்பு பிற இடங்களில் நிகழ்ந்தது. 1954-இல் அமைந்த லலித் கலா அகாதெமியும் அதே ஆண்டு தில்லியில் திறக்கப்பட்ட தேசிய நவீனக் கலைக்கூடமும் சென்னை ஓவியர்களின் படைப்புகளை வாங்கின. பணிக்கரின் படைப்புகளுக்கெனத் தனிக் கூடம் திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில் 1979-இல் அமைந்தது. அவர் பிறந்த கோவைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. சோழமண்டலத்திலேயே சென்னை இயக்கத்துக்கான நிலையான காட்சியகம் 2009-இல் திறக்கப்பட்டது. சட்டமும் ஒருவகையில் இந்த மரபைக் கண்டுகொள்ளவில்லை: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி நாட்டை விட்டு வெளியேற்றக் கூடாதவை என அறிவிக்கப்பட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளில் ரவிவர்மா, ஜாமினி ராய், அம்ரிதா ஷெர்கில் ஆகியோருடையவை உண்டு, சென்னை இயக்கத்தவர் ஒருவருடையதும் இல்லை.

கொங்கு மண்ணில் ஓவியத்தையும் நெசவையும் ஒருசேரப் பார்த்த ஒரு பெயர் கஸ்தூரி சீனிவாசன். ஆலைகளுக்கான ஆய்வு நிலையமாக 1956-இல் கோவையில் தோன்றிய சிட்ரா எனும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவன இயக்குநரான அவர், இலக்கியத்திலும் ஈடுபட்டிருந்தவர். அவர் பெயரால் அவிநாசி சாலையில் அமைந்த கூடத்தில் ஓவியக் காட்சியகமும் நெசவு அருங்காட்சியகமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இந்த இணைப்பு தற்செயலானதாகத் தோன்றினாலும், பாத்திக் விற்று நிலம் வாங்கிய ஓவியர்களின் கதையை அறிந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை.

பாத்திக்கின் நிலை இன்னும் ஓவியத்துக்கும் கைவினைக்கும் நடுவே இருக்கிறது. கைவினைப் பொருளாக விற்கப்பட்டதால் ஓவியக் கூடங்களின் பட்டியலில் அதற்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. ஓவியர் கைப்பட்டதால் ஆடை அருங்காட்சியகமும் அதைத் தனதென்று எடுத்துக்கொள்வதில்லை. சட்டமிட்டு வெயில் படும் சுவரில் மாட்டியவை நிறம் வெளிறியும், மடித்துப் பெட்டியில் வைத்தவை மடிப்புக் கோட்டில் இழை இற்றும் போகின்றன. அமிலமற்ற தாள் சுற்றிய குழலில், படம் வெளிப்புறமாக இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி, இருளான உலர்ந்த அறையில் வைப்பதே அவற்றுக்கு உகந்த முறை. நல்ல சேலையையும் நூலையும் ஆண்டுக்கணக்கில் காத்துவைக்கத் தெரிந்த சாயக்காரர்களுக்கும் துணி வணிகர்களுக்கும் அது புதிதாகக் கற்க வேண்டிய வித்தை ஆகாது.